மகனுக்காகச் செய்த டயர்!
சைக்கிள் உலகை மாற்றிய மிருக வைத்தியர்

மதுரையில் பஞ்சர் ஒட்டும் கடைக்காரரிடம் டன்லப் என்று சொன்னால், அது ஒரு டயர் கம்பெனி என்பார். டன்லப் என்று ஒரு மனிதர் இருந்தார். அவர் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்தவர். இது பலருக்குத் தெரியாது.

ஜான் பாய்டு டன்லப், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்துத் தேறினார். பிறகு அயர்லாந்துக்குச் சென்று, பெல்பாஸ்ட் நகரில் தொழில் நடத்தினார். நல்ல பெயர் கிடைத்தது.

ஆள் உயரச் சக்கரம்

அது விக்டோரியா மகாராணி காலம். அன்றைய சைக்கிளின் முன்சக்கரம் 5 அடி உயரம் வரை இருக்கும். பின்சக்கரம் மிகச் சிறியது. சங்கிலி கிடையாது. பெடல் முன்சக்கரத்திலேயே இருந்தது. சக்கரம் பெரிதானால் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகலாம், குலுக்கலும் குறையும். ஆனால் கல்லில் இடித்தால் தலைகுப்புற விழவேண்டியதுதான்!

1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர், சங்கிலி வைத்த சிறிய சைக்கிள் ஒன்றைச் செய்தார். இன்றைய சைக்கிளுக்கு அதுதான் பாட்டன். விழும் பயம் குறைந்தது. ஆனால் டயர் கெட்டி ரப்பர். குலுக்கல் உடம்பை உலுக்கியது. ஆகவே ஆள் உயரச் சைக்கிளை விரும்பியவர்கள் அதை விடவில்லை.

மகன் பட்ட பாடு

டன்லப்பின் மகன் ஜானி, கல் பாவிய தெருவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். அவன் குலுங்குவதைக் கண்டு தந்தை யோசித்தார். 1887-ல் மெல்லிய ரப்பரைக் குழாயாக ஒட்டி, மரச் சக்கரத்தின் மேல் சுற்றினார். துணியால் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பினால் காற்று ஏற்றினார்.

அதையும் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் பாதி வழியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ கடைசி வரை ஓடிக் கதவில் மோதியது!

1888 டிசம்பர் 7-ந் தேதி அவருக்குப் பேட்டண்டு உரிமை கிடைத்தது.

சிரித்தார்கள், திகைத்தார்கள்

1889 மே 18-ந் தேதி பெல்பாஸ்ட் கல்லூரியில் சைக்கிள் பந்தயம். வில்லியம் ஹியூம் என்ற வீரர் காற்று டயருடன் வந்தார். பருத்த டயரைக் கண்டு கூட்டம் சிரித்தது. பந்தயத்தில் அவரே ஜெயித்தார். சிரிப்பு அடங்கியது. அதே ஆண்டில் டப்ளின் நகரில் டயர் கம்பெனி தொடங்கப்பட்டது.

எதிர்பாராத அடி

அப்போதுதான் இடி விழுந்தது. ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-லேயே காற்று டயருக்குப் பேட்டண்டு வாங்கியிருந்தார்! அது குதிரை வண்டிக் காலம். அந்த டயரை உலகம் மறந்துவிட்டது. டன்லப்பும் அதை அறியவில்லை. ஆனாலும் அவருடைய உரிமை செல்லாது என்றாகிவிட்டது.

வேறு சிலரின் பேட்டண்டுகளை வாங்கிக் கம்பெனி பிழைத்துக்கொண்டது. 1896-ல் அது 30 லட்சம் பவுனுக்கு விலைபோனது. அந்தப் பெருஞ்செல்வம் டன்லப்புக்கு வரவில்லை. அவர் கம்பெனியை விட்டு விலகியிருந்தார். 1921 அக்டோபர் 23-ந் தேதி டப்ளினில் தமது 81-வது வயதில் காலமானார். டயரில் அவர் பெயர் மட்டும் நின்றது.

பொம்மையான பூதம்

காற்று டயர் வந்த சில ஆண்டுகளில் ஆள் உயரச் சைக்கிள் தெருவை விட்டு மறைந்தது. இன்று மேல்நாடுகளில் ஆசைக்காரர்கள் அவற்றைத் தேடிப்பிடித்து, துரு நீக்கி, பழுது பார்த்து, விழா நாட்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள். டன்லப் செய்த முதல் டயர் எடின்பரோ மியூசியத்தில் இருக்கிறது.

திருமங்கலம், மேலூர் சாலைகளில் பால் கேனும் பூக்கூடையும் கட்டிச் சைக்கிள் மிதிப்பவர்கள் டன்லப்பை அறியமாட்டார்கள். கருவேல முள் குத்தினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பஞ்சர் ஒட்டிக் காற்று அடித்ததும் மறுபடி ஏறி மிதிக்கிறார்கள். கெட்டி ரப்பர் டயராக இருந்தால், அத்தனை மைலும் குலுங்கியே போயிருக்க வேண்டும்!