காலடி எண்ணி மலையை அளந்த வாத்தியார்

 

பரிசளிப்பு விழா என்றால் மேடையேறிக் கோப்பை வாங்கும் பிள்ளைகளைத்தான் நாம் எல்லாரும் பார்க்கிறோம். இன்று ஒரு வாத்தியார் வாங்கிய பரிசைப் பற்றிச் சொல்லப் போகிறேன். 1877ஆம் ஆண்டு லண்டன் அரச புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 46. அவர் பெயர் நைன் சிங் ராவத். இமயமலைச் சிற்றூர் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்.

பிறந்த ஊர்

இந்தியாவின் வடக்கே குமாவோன் மலைநாட்டில் மிலாம் என்ற ஊர் இருக்கிறது. பனியாறு ஒன்றின் காலடியில் உள்ள அந்த ஊரில் 1830ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி நைன் சிங் பிறந்தார். விளைச்சல் குறைந்த மண். அதனால் அவ்வூர் மக்கள் கோடையில் தானியத்தையும் துணியையும் ஆட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு திபெத்துக்குப் போவார்கள். உப்பும் கம்பளி மயிரும் வாங்கி வருவார்கள். நைன் சிங்கும் இளமையில் தந்தையோடு இந்த வணிகத்துக்குப் போனவர்தான்.

திபெத்துக்குப் போவது என்ன சும்மா காரியமா? மலைமுகட்டில் உள்ள இடுக்கு வழியைக் கணவாய் என்கிறோம். மிலாம்காரர்கள் ஒன்றல்ல, மூன்று கணவாய்களைத் தாண்டவேண்டும். உண்டா துரா, ஜெயந்தி, குங்கிரி பிங்கிரி என்பவை அவற்றின் பெயர்கள். மூன்றும் 17,000 அடிக்கு மேல். நம் நாட்டின் கினபாலு மலையே 13,435 அடிதான். அதன் உச்சிக்கு மேல் இன்னொரு 4,000 அடி ஏறினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

எந்தக் கணவாய் கடினம்?

உயரமானதுதான் கடினம் என்று நாம் நினைப்போம். அது முழு உண்மையல்ல. கயிலாய யாத்திரிகர்கள் போகும் லிபுலேக் கணவாய் சுமார் 17,000 அடி. ஆனால் சரிவு மெதுவானது. குமாவோன் கணவாய்களில் அதுவே சுலபம் என்று பெயர் எடுத்தது. பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மானா கணவாய் 18,000 அடிக்கு மேல். உயரம் அதிகம், வழியும் நீளம்.

மிலாம் வழியோ வேறு விதம். மூன்று கணவாய்களுக்கும் இடையே விறகு கிடையாது. ஆடு மேயப் புல் கிடையாது. அங்கே இரவு தங்கினால் மந்தைக்கே ஆபத்து. அதனால் மூன்றையும் ஒரே நாளில் தாண்டிவிடப் பார்ப்பார்கள். நடுவில் பனிப்புயல் அடித்தால் ஆடும் மனிதரும் சேர்ந்தே மடிவதும் உண்டு. ஆக, கணவாயின் கடினத்தை அடிக்கணக்கில் மட்டும் அளக்க முடியாது. வழியில் நிழலும் நெருப்பும் கிடைக்குமா என்பதையும் சேர்த்துத்தான் அளக்கவேண்டும்.

வாத்தியார் மாணவர் ஆனார்

1858இல் நைன் சிங் மிலாம் பள்ளியில் ஆசிரியர் ஆனார். அந்தக் காலத்தில் திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் நுழையக்கூடாது. வரைபடத்தில் அந்நாடு வெறும் வெள்ளைத்தாளாகக் கிடந்தது. நில அளவைத் துறையில் இருந்த கேப்டன் மாண்ட்கோமரி, எல்லைப்புற மக்களையே பழக்கி அனுப்பலாம் என்று யோசித்தார். 1863இல் நைன் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு வரவழைக்கப்பட்டார்கள். முப்பது வயது தாண்டிய வாத்தியார் மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார்.

மேடு, பள்ளம், வெயில், பனி எதுவானாலும் ஒரே அளவாகக் காலடி வைக்கப் பழகினார். ஏறக்குறைய 2,000 காலடி ஒரு மைல். பௌத்தர்களின் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். இவர் மாலையில் 100 மணிகள்தான். நூறு காலடிக்கு ஒரு மணி உருட்டுவார். மாலை ஒருமுறை சுற்றினால் 10,000 காலடி, அதாவது ஐந்து மைல். பார்ப்பவர்கள் ஜெபம் செய்கிறார் என்றே நினைப்பார்கள். கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அவருடைய கணக்குச் சீட்டுகள் இருந்தன. சோழிக்குள் பாதரசத்தை மறைத்து வைத்திருந்தார்.

உயரத்தை எப்படி அளந்தார் தெரியுமா? வெந்நீர் வைத்துத்தான்! கடல்மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 18,000 அடியில் சுமார் 82 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதில் பாதிதான். பருப்பு வேகாது. மனிதனுக்கு மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று வெப்பமானியில் பார்த்து, மலை எத்தனை அடி என்று கணக்கிட்டார்.

மூடிய வழி

1865இல் நேபாளம் வழியாகப் புறப்பட்டார். கிரோங் பள்ளத்தாக்கு வழி, அவர் சிறுவயதில் பார்த்த கணவாய்களைவிட மிகத் தாழ்வானது. ஆனால் அங்கேதான் அதிகாரிகள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பனியைத் தாண்டியவரைக் காவல் நிறுத்திவிட்டது! மணி சிங் ஊர் திரும்பினார். நைன் சிங் விடவில்லை. வேடத்தை மாற்றிக்கொண்டு மறுபடியும் முயன்று உள்ளே போனார். லடாக் வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து 1866 ஜனவரியில் லாசா நகரை அடைந்தார்.

அங்கே கையில் காசு தீர்ந்துபோயிற்று. என்ன செய்தார்? நேபாள வணிகர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். கற்ற கல்வி அயல்நாட்டிலும் சோறு போட்டது. அனுமதியில்லாமல் வந்த ஒருவருக்கு அந்நகரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதையும் கண்டார். பிடிபட்டால் தமக்கும் அதே கதிதான் என்று புரிந்துகொண்டார். அப்படியும் இரவில் நட்சத்திரங்களை அளந்து நகரின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டுதான் ஏப்ரலில் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் 1,200 மைல், ஏறக்குறைய 25 லட்சம் காலடி எண்ணினார்.

1867இல் மானா கணவாய் வழியே போய், 16,000 அடிக்கு மேல் உள்ள தோக் ஜாலுங் தங்கச் சுரங்கத்தைக் கண்டு வந்தார். 1874இல் லே நகரிலிருந்து கிளம்பி, உயர்ந்த மேட்டுநிலத்தில் மாதக்கணக்கில் நடந்து, மீண்டும் லாசா கண்டு, தவாங் வழியாக 1875 மார்ச்சில் அஸ்ஸாமில் இறங்கினார். அதுவே கடைசி நெடும்பயணம். உடல் தளர்ந்துவிட்டது, கண்பார்வையும் கெட்டிருந்தது.

மறைந்திருந்த பெயர்

அவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று, ஆரம்ப அறிக்கைகளில் அவர் பெயரையே போடவில்லை. பண்டிட் என்று மட்டும் குறித்தார்கள். பள்ளி ஆசிரியர் என்ற பொருளில் வந்த பட்டம் அது. பெயர் தெரியாமலே புகழ் வந்தது. தம் காலத்தில் ஆசிய வரைபடத்துக்கு அவரைவிட அதிகம் சேர்த்தவர் இல்லை என்று சொல்லித்தான் சங்கம் பதக்கம் கொடுத்தது. 2004இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1962 போருக்குப் பிறகு திபெத் வணிகம் நின்று, மிலாம் ஊர் ஆளரவம் குறைந்து போனது. ஆனால் அவர் போட்ட கணக்கு வரைபடத்தில் நிலைத்துவிட்டது.

மாணவர்களே! உங்களுக்கும் கணவாய்கள் உண்டு. ஒருவருக்குக் கணக்கு உயரம், இன்னொருவருக்கு மொழிப்பாடம் உயரம். வீட்டில் விளக்கும் அமைதியும் இல்லாத பிள்ளைக்குத் தாழ்வான கணவாயும் கடினம்தான். பெற்றோர்களே, மேட்டைக் குறைக்க நம்மால் முடியாமல் போகலாம். வழியில் பிள்ளைக்கு நிழலும் நெருப்புமாக இருக்க முடியும் அல்லவா? அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இன்று பரிசு வாங்காத பிள்ளையும் நாளைக் காலை முதல் மணியை உருட்டட்டும்!