மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

நல்லாசிரியர்க்குரிய இலக்கணத்தை வகுக்கப் புகுந்த நன்னூலார், நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் அவர்க்கு உவமையாகக் கூறினார். நிலத்தைப் போன்ற பொறுமையும், மலையைப் போன்று அளத்தற்கரிய கல்வி வளமும், நிறைகோலைப் போன்ற நடுவுநிலைமையும், மலரைப் போன்ற மென்மையும் ஆசிரியரிடத்து அமைந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. இந்நான்கு பண்புகளும் ஒருங்கே அமையப் பெற்றவர் உலகில் சிலரே ஆவர். அச்சிலருள் ஒருவராய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழ நாட்டில் விளங்கியவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்பவர்.

பிள்ளையவர்கள் 1815 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சியார். தந்தையார் சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். ஆதலின், பிள்ளையவர்கள் இளமையில் தந்தையாரிடமே நிகண்டும் சதகமும் அந்தாதியும் கற்றுத் தேர்ந்தார். ஆயினும், அவர் இளைஞராய் இருந்தபோதே தந்தையார் இறைவனடி சேர்ந்தார். குடும்பம் வறுமையுற்றது. மேற்கொண்டு கற்பிப்பார் இல்லை; நூல் வாங்கப் பொருளும் இல்லை.

அக்காலத்தில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஏட்டுச் சுவடிகளாகவே இருந்தன. ஒரு நூலைக் கற்க விரும்புவோர், முதலில் அந்நூலை உடையவரைத் தேடிச் சென்று, அவரை இரந்து சுவடியைப் பெற்று, பனையோலையில் எழுத்தாணியால் தம் கைப்பட எழுதிக்கொள்ளல் வேண்டும். அதன் பின்னர்ப் பொருள் சொல்ல வல்லவரைத் தேடுதல் வேண்டும். பிள்ளையவர்கள் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபுகுந்து, அங்கிருந்த புலவர் பலரையும் நாடி, ஒருவரிடம் ஒரு நூலும் மற்றொருவரிடம் வேறொரு நூலுமாகப் பாடங்கேட்டார். தெருத்தோறும் பிச்சை ஏற்றுண்ணும் பரதேசி ஒருவர் தண்டியலங்காரத்தில் வல்லவர் எனக் கேள்வியுற்றபோது, அவரது கோலத்தைக் கண்டு இகழாது, அவர் சென்ற இடமெல்லாம் உடன்சென்று, வேண்டும் பணிகளைச் செய்து அந்நூலைக் கற்றார். கல்வி எங்கே இருப்பினும் அதனைப் போற்றிக் கொள்ளல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

கற்றலில் தாம் பட்ட துன்பத்தைப் பிள்ளையவர்கள் பிற்காலத்தில் மறந்தாரல்லர். தாம் அலைந்து பெற்ற கல்வியைத் தம்மை நாடி வருவோர் அலையாமல் பெறுதல் வேண்டும் என்று அவர் கருதினார். அதனால், வறிய மாணாக்கர் பலர்க்குத் தம் இல்லத்திலேயே உணவும் உறையுளும் அளித்துப் பாடமும் சொல்லி வந்தார். பாடம் சொல்வதற்கு அவர் கூலி பெற்றதில்லை. இத்தனைக்கும் அவர் செல்வரும் அல்லர். தலபுராணம், பிள்ளைத்தமிழ், கலம்பகம், அந்தாதி முதலிய நூல்களைப் பாடி அரங்கேற்றும்போது கிடைக்கும் பொருள், வந்த விரைவிலேயே செலவழிந்துவிடும். இல்லத்தில் நாள்தோறும் வேண்டும் பண்டங்களுக்கும் முட்டுப்பாடு நேர்ந்ததுண்டு. எனினும், மாணாக்கர்க்கு இனி இடமில்லை என்று அவர் கதவை அடைத்ததில்லை.

அவரிடம் பயின்றோர் பல குலத்தினர், பல சமயத்தினர். பிற்காலத்தில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய தியாகராச செட்டியார் அவர் மாணாக்கர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் புலவரும், சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவரும் அவரிடம் பாடங் கேட்டவரே. பிள்ளையவர்களோ சைவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்; திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் என்னும் பட்டம் பெற்றவர். தம் சமயத்தில் உறுதி உடையவராக இருந்துகொண்டே, பிற சமயத்து மாணாக்கரையும் வேற்றுமையின்றி அவர் நேசித்தார். நிறைகோல் தன்மீது வைக்கும் பொருள் இன்னதென்று பாராது எடையை மட்டுமே காட்டுவது போல, அவர் மாணாக்கரின் ஆர்வத்தை மட்டுமே நோக்கினார்.

பிள்ளையவர்கள் மாயூரத்தில் வாழ்ந்து வந்த காலத்தில், 1871 ஆம் ஆண்டில், 17 ஆம் வயதினரான அந்தண இளைஞர் ஒருவர் தம் தந்தையாருடன் அவர் இல்லத்தை அடைந்தார். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மைந்தராகிய அவரே, பின்னாளில் தமிழ்த்தாத்தா என்று உலகம் போற்றிய உ. வே. சாமிநாதையர். அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய பெயர் சாமிநாதன். இவற்றுள் பின்னதையே விரும்பி ஏற்று வழங்கியவர் பிள்ளையவர்களே ஆவர்.

இளைஞர் தமிழ் கற்க வந்ததை அறிந்த பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. கற்க வருவோர் பலர் சின்னாள் இருந்து, சில நூல்களை மட்டும் கற்றுப் பாதியிலே சென்றுவிடுவதைக் கூறி, அவர் தயங்கினார். எத்தனையோ மாணாக்கரிடம் அன்பு வைத்துப் பிரிவால் வருந்திய உள்ளத்தின் தயக்கம் அது. அவ்விளைஞரின் உணவிற்கு எவ்வாறு ஏற்பாடு செய்வது என்னும் கவலையும் அவருக்கு இருந்தது. மகன் முற்றக் கற்கும்வரை உடனிருப்பான் என்று தந்தையார் உறுதி கூறி, உணவிற்கும் வழி செய்த பின்னரே அவர் இசைந்தார். மாணாக்கனைச் சேர்த்துக்கொள்ளும்போதே, அவன் எங்கே உண்பான், எங்கே உறங்குவான், எவ்வளவு காலம் நிலைத்திருப்பான் என்று எண்ணிப் பார்த்தல் அவர் இயல்பு.

தொடக்கத்தில், மூத்த மாணாக்கர் ஒருவரிடம் பாடங்கேட்குமாறு சாமிநாதர் பணிக்கப்பெற்றார். பெரும்புலவரிடம் நேரே கற்கலாம் என்னும் ஆவலோடு வந்த இளைஞருக்கு இது ஏமாற்றமாயிற்று. ஆயினும், அவர் வாய்திறந்து முறையிடவில்லை. ஆசிரியரின் மனத்தை அறியும் வழியை நாடினார். பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை வைத்து வளர்த்து வந்தார். நாள்தோறும் விடியலில் எழுந்து, எந்த மரத்தில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். இதனை அறிந்த சாமிநாதர், தாம் முன்னதாகவே சென்று பார்த்துவைத்து, ஆசிரியர் வந்தவுடன் புதிய தளிர்களைச் சுட்டிக் காட்டலானார். ஆசிரியர் மகிழ்ந்தார், அவர் அன்பும் நாளுக்கு நாள் வளர்ந்தது. பின்னர் ஒருநாள் சாமிநாதர் தம் விருப்பத்தை வெளியிட, அன்றுமுதல் பிள்ளையவர்களே பாடஞ்சொல்லத் தொடங்கினார். மரத்தின் தளிரைக் கண்டு மகிழ்ந்தவர், தம் அருகே நின்ற மனிதத் தளிரையும் அன்று கண்டுகொண்டார்.

பிள்ளையவர்கள் பாடஞ்சொல்லும் முறை தனிச் சிறப்புடையது. தொடக்கத்திலேயே பெருநூல்களைக் கொடுத்து மாணாக்கரை அவர் மலைக்கச் செய்வதில்லை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலிய சிறு நூல்களை முதலிற் கற்பித்து, சொல்வளம் பெருகிய பின்னர்ப் புராணங்களையும் காப்பியங்களையும் கற்பிப்பார். நூல்கள் பல அவருக்கு மனப்பாடமாக இருந்தமையின், ஏட்டைப் பாராமலே பொருள் கூறுவார். பாடம் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுவதன்று. வழிநடையிலும், வண்டிப் பயணத்திலும், மரநிழலிலும் பாடம் நடைபெறும். தாம் புதிய செய்யுட்களை இயற்றும்போது மாணாக்கரை அருகிருத்தி எழுதச் செய்வார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய மாணாக்கர், செய்யுள் பிறக்கும் முறையைக் கண்முன்னே கண்டு கற்றனர்.

அவர் மாணாக்கரைக் கடிந்து பேசுதல் அரிது. தம்மிடம் பயின்று, சொல்லாமலே பிரிந்து சென்றவரைப் பற்றியும் இகழ்ந்துரையார். ஆனால், அறிவுரை வேண்டிய இடத்தில் அதனைக் கூறத் தவறியதும் இல்லை. மாயூரத்தில் அக்காலத்தில், நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருட்டிண பாரதியார் வாழ்ந்து வந்தார். இசைக் குடும்பத்திற் பிறந்த சாமிநாதர், தமிழ்ப் பாடம் இல்லாத நேரங்களில் அவரிடம் சென்று இசை பயின்று வந்தார். பாரதியார் வாயிலாக இச்செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரிந்தது. அவர் சினந்தாரல்லர். இசையில் மனம் ஈடுபட்டால் இலக்கண இலக்கியங்களில் ஆழ்ந்து செல்லுதல் இயலாதென்னும் தம் கருத்தை எடுத்துரைத்த அளவோடு நின்றார். சாமிநாதர் தாமே சிந்தித்து இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். இசையும் தமிழின் ஒரு கூறேயன்றோ என்று இக்காலத்தார் கேட்டல் கூடும். அவ்வினாவில் நியாயமும் உண்டு. அம்மாணாக்கர் உள்ளத்தில் இசைவேட்கை இறுதிவரை இருந்தது. ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை இழக்க நேர்கின்றது. ஆதலின் ஆசிரியர் கூறும் ஒரு சொல், மாணாக்கன் வாழ்வின் போக்கையே மாற்றிவிடும். அதனை அளந்து கூறுதல் வேண்டும் என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

மாணாக்கரின் கல்வியில் மட்டுமன்றி, அவர்தம் உடல்நலத்திலும் பிள்ளையவர்கள் கருத்துடையவர். சாமிநாதர் திருவாவடுதுறையில் பயின்றபோது அம்மை நோய் கண்டு துன்புற்றார். அதனை அறிந்த ஆசிரியர், தம் மகனுக்கு நோயுற்றாற் போலக் கலங்கினார். சாமிநாதர் தம் பாட்டனார் ஊராகிய சூரியமூலைக்குச் சென்று தங்கி, நலம்பெற்று மீண்டபோது ஆசிரியரின் முகம் மலர்ந்தது. தடைப்பட்ட பாடமும் மீண்டும் தொடங்கிற்று.

1876 ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதம் 1 ஆம் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் இறைவன் திருவடியை அடைந்தார். இறுதி நேரத்தில், கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தாங்கிக்கொண்டிருந்தார். அந்தணராகிய சாமிநாதர் அருகிருந்து திருவாசகம் படித்தார். ஈட்டி வைத்த பொருள் என்று அப்பெரியார் விட்டுச் சென்றது ஒன்றும் இல்லை. ஈட்டிய மாணாக்கரே அவர் செல்வமாய்ச் சூழ்ந்து நின்றனர்.

ஆசிரியர் மறைந்த பின்னரும் அவர் ஏற்றிய விளக்கு அணைந்துவிடவில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதரை ஆதரித்துப் பாடமும் சொன்னார். 1880 ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்குச் சாமிநாதரே தக்கவர் என்று பரிந்துரைத்து அமர்த்துவித்தார். ஓராசிரியரிடம் பயின்ற மூத்த மாணாக்கர், இளைய மாணாக்கரைக் கைதூக்கி விட்டார். அந்நன்றியை மறவாத சாமிநாதர், பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்.

அதே 1880 ஆம் ஆண்டில், சேலம் இராமசாமி முதலியார் என்னும் அறிஞர் கும்பகோணத்தில் சாமிநாதரைச் சந்தித்து, சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். சாமிநாதர் அந்தாதிகளும் புராணங்களும் எண்ணிறந்தன கற்றிருந்தார். சிந்தாமணியைப் பாடங் கேட்டதில்லை. அதனை அவருக்குக் கற்பிக்கப் பிள்ளையவர்களும் உயிரோடில்லை. இவ்விடத்தில் ஒரு மாணாக்கன் இரண்டில் ஒன்று செய்தல் கூடும். ஆசிரியர் கற்பிக்காததை நான் அறியேன் என்று அமைந்துவிடலாம். அல்லது, ஆசிரியர் தந்த பயிற்சியைத் துணையாகக் கொண்டு மேலே செல்லலாம். சாமிநாதர் இரண்டாவதனையே செய்தார். ஊர்தோறும் சென்று சுவடி தேடினார், ஒப்பு நோக்கினார், சமணச் சான்றோரை அணுகி ஐயம் தெளிந்தார். 1887 ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி அச்சேறியது. 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் தொடர்ந்து வெளிவந்தன. பரதேசியைப் பின்தொடர்ந்து தண்டியலங்காரம் கற்ற ஆசிரியரின் மாணாக்கர், சுவடிகளைப் பின்தொடர்ந்து நாடெங்கும் நடந்தது வியப்பன்று.

சாமிநாதையர் தம் முதுமையில், 1933, 1934 ஆம் ஆண்டுகளில், தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டிற்கு மேலாகியும், அவர் கூறியனவும் செய்தனவும் மாணாக்கர் நெஞ்சில் பசுமையாகவே இருந்தன. பிள்ளையவர்கள் பாடிய நூல்கள் பல. அவற்றை இன்று பயில்வோர் சிலரே. ஆயினும், அவர் உருவாக்கிய மாணாக்கரால் தமிழுலகம் பெற்ற பழஞ்செல்வத்தை அனைவரும் துய்க்கின்றனர். கற்பித்த நூல்களோடு ஆசிரியரின் தொண்டு முடிந்துவிடுவதில்லை. தாம் கற்பிக்காதவற்றையும் மாணாக்கர் தாமே தேடிக் கற்கும் ஆற்றலையும் உறுதியையும் அவர்க்கு அளித்தவரே நல்லாசிரியர். அத்தகைய ஆசிரியரைப் பெற்றவர்கள் அவர் அன்பைப் போற்றி, தாம் பெற்றதைப் பிறர்க்கும் அளித்தலே அவர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.