பருவமழைக் கணிதர் ஸர் கில்பர்ட் வாக்கர்

திற்பரப்பு அருவியை அறியாதார் நம் நாஞ்சில் நாட்டில் இலர். அகன்ற பாறைத்தளத்தின் மேல் பரந்து வரும் கோதையாறு மகாதேவர் கோயிலின் அருகே கீழே பாயும் காட்சியைக் காணச் செல்வோர், இடவப்பாதி மழை நன்கு பெய்த ஆண்டில் ஒரு கோலத்தையும், அது பொய்த்த ஆண்டில் வேறொரு கோலத்தையும் காண்பர். அவ்வாற்று நீரை மேலே பேச்சிப்பாறையில், 1906-ம் ஆண்டில் கட்டி முடிந்த அணை தேக்கி வைக்கின்றது. அந்நீரை நம்பியே கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைகின்றன. ஆதலின், வரும் பருவத்தில் மழை எவ்வாறு இருக்கும் என்னும் வினா நம் உழவர்க்கு வீண் வினா அன்று. விதை நெல்லும், வாங்கிய கடனும், வீட்டில் நடக்கவேண்டிய மங்கல காரியமும் அதனோடு பிணைந்துள்ளன. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கென இருபது ஆண்டுகள் இந்தியாவில் உழைத்து, நாடிய விடை முற்றும் கைகூடப் பெறாராயினும், நாடாத பெரும்பொருள் ஒன்றைக் கண்டெடுத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவரே ஸர் கில்பர்ட் தாமஸ் வாக்கர்.

இவர் 1868-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந் தேதி இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். லண்டன் ஸெயின்ட் பால் பள்ளியில் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்தார். 1889-ல் நடைபெற்ற கணிதச் சிறப்புப் பரீட்சையில் முதல்வராகத் தேறி ஸீனியர் ராங்ளர் என்னும் பட்டம் பெற்றார். இடைவிடாப் படிப்பினால் உடல் நலம் குன்றவே, சில குளிர்காலங்களைச் சுவிட்ஸர்லாந்தில் கழிக்க நேர்ந்தது. அங்கே பனிச்சறுக்கில் வல்லவரானார். எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் ஆஸ்திரேலிய வளைதடியின் மீதும் இவருக்குத் தீராத மோகம் உண்டு. அதன் பறத்தலுக்குக் கணிதம் எழுதியதோடு அமையாமல், கல்லூரிப் புற்றரையில் தாமே எறிந்து பார்த்ததனால், நண்பர்கள் அத்தடியின் பெயரையே இவருக்கு அடைமொழியாக்கினர். மின்சாரமும் காந்தமும் பற்றிய கணிதமே இவருடைய தொழில். வானிலையைப் பற்றியோ இவர் ஏதும் கற்றவர் அல்லர்.

அத்தகைய ஒருவரை இந்திய சர்க்கார் தம் வானிலை இலாகாவுக்குத் தலைவராக அழைத்தது ஏன் என்பதை அறிய, சிறிது பின்னோக்குதல் வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை, மைசூர், பம்பாய், ஐதராபாத் நாடுகளை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பு. மழை பொய்க்கும் என்பது முன்னரே தெரிந்திருந்தால் தானியம் சேர்த்து வைத்திருக்கலாமே என்ற எண்ணம் அப்போது வலுத்தது. (தானியம் இருந்தும் அதனை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தனர் என்பது வேறு கதை, அக்குற்றத்தை மேகத்தின் மேற் சுமத்துதல் தகாது.) 1875-ல் நிறுவப்பெற்ற இலாகாவின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயமலையில் பனி மிகுதியாக விழுந்த ஆண்டுகளில் மழை குறைகின்றது என்று கண்டு, 1886-ல் பருவ முன்னறிவிப்பு வெளியிடத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஸர் ஜான் எலியட் அதனைப் பெரிதும் விரித்தார். ஆயினும், 1899-ல் மழை நன்கு பெய்யும் என்று அவர் அறிவித்திருக்க, அவ்வாண்டிலேயே கொடிய வறட்சி வந்தது. மீண்டும் பஞ்சம், மீண்டும் சாவு. இனி அனுபவமும் ஊகமும் போதா, கணிதமே வேண்டும் என்று கருதியே வாக்கரை வருவித்தனர். 1904-ம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பொறுப்பேற்றார்.

சிம்லாவில் அமர்ந்த வாக்கர் செய்த முதற் காரியம், காரணம் இன்னதென்று தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு வேலை தொடங்கியதே. காற்றுமண்டலத்தின் இயக்கத்தைச் சமன்பாடுகளால் அளந்து வருபலன் கூறும் திறன் அக்காலத்தில் எவரிடத்தும் இல்லை. எனவே அவர் வேறு வழி பற்றினார். உலகத்தின் எவ்வெவ்விடங்களில் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பாரமானி அளவும், வெப்ப அளவும், மழை அளவும் குறித்து வைத்துள்ளனரோ, அவற்றையெல்லாம் வருவித்தார். நைல் நதியின் வெள்ளம், ஜாவாத் தீவின் மழை, ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக் காற்றழுத்தம், தென்னமெரிக்கச் சிலி நாட்டு அழுத்தம் முதலிய ஒவ்வொன்றையும் இந்திய மழையோடு ஒப்பிட்டார். இரண்டு கணக்குகள் ஆண்டுதோறும் ஒன்றாகவே ஏறி இறங்குமாயின் அவற்றின் தொடர்பெண் ஒன்றை நெருங்கும்; எதிர் எதிராக நடக்குமாயின் கழித்தல் ஒன்றை நெருங்கும்; சம்பந்தமே இல்லையேல் பூஜ்யத்தின் அருகே நிற்கும். இக்காலத்தில் கல்லூரி மாணவன் யந்திரத்தில் ஒரு நொடியில் செய்யும் இக்கணக்கை, இந்தியக் கணக்கர்கள் பலர் வரிசையாக அமர்ந்து கையால் எழுதி ஆண்டுக்கணக்காகச் செய்தனர். வாக்கரின் புகழில் பாதி அவர்களுக்கு உரியது என்பதே எம் கருத்து. அப்பேருழைப்பின் பயனாக, 1909 முதல் கணிதச் சமன்பாட்டைக் கொண்டே பருவமழை முன்னறிவிப்புத் தயாராயிற்று.

இம்முறையில் ஓர் அபாயம் உண்டு. நூறு சோதிடர் நூறு விதமாகப் பலன் கூறினால் யாரேனும் ஒருவர் வாக்குப் பலித்தே தீரும். பலித்தவரை மட்டும் மேடையேற்றிப் பரிசளித்தால் சோதிடமே மெய்யென்று தோன்றும். அங்ஙனமே நூற்றுக்கணக்கான தொடர்பெண்களைக் கணித்து, அவற்றுள் மிகப் பெரியதை மட்டும் எடுத்துக் காட்டுபவன், வெறுந் தற்செயலைச் சாஸ்திரமென்று விற்றவனாவான். இதனை வாக்கர் நன்குணர்ந்திருந்தார். எத்தனை எண்களிலிருந்து பொறுக்கினோம் என்பதைக் கணக்கில் சேர்த்த பின்னரே ஒரு தொடர்பை மெய்யென ஏற்கலாம் என்று 1914-ல் அவர் எழுதிய கட்டுரை, அவர் வெளியிட்ட முன்னறிவிப்புக்கள் யாவற்றினும் மேலானது என்போம். சூரியனின் கரும்புள்ளிகளே மழையை ஆள்கின்றன என்று பலர் உறுதியாக நம்பிய காலம் அது. வாக்கர் அதனையும் எண்ணிப் பார்த்து, தக்க ஆதாரம் இல்லை என்று ஒதுக்கினார். வடமேற்கு இந்தியாவில் சில ஆண்டுகள் மழை குறைந்தபோது, காடு வெட்டியதனாலும் கால்வாய் வெட்டியதனாலும் நாட்டின் தட்பவெப்பமே மாறிவிட்டது என்ற கூக்குரல் எழுந்தது. 1910-ல் பழைய மழைக் கணக்குகளையெல்லாம் ஆராய்ந்து, அங்ஙனம் நிலையான மாறுதல் நேர்ந்ததற்குச் சான்றில்லை என்று அறிக்கை எழுதினார். இவ்வறிக்கையை, கரிவாயு மிகுதியால் உலகம் முழுதும் வெப்பமடைவது பற்றிய பிற்காலத்து ஆராய்ச்சிக்கு மறுப்பாகக் கொள்ளுதல் பிழை. அவர் முன் இருந்த கேள்வி வேறு, கணக்கும் வேறு.

தமிழர்க்கு வாக்கர் செய்த உபகாரம் ஒன்றுண்டு; அதற்கும் மழைக்கும் தொடர்பில்லை. 1913-ம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் அவர் சென்னைக்கு வந்தார். துறைமுக டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் ஆபீசில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்த இளைஞர் ஒருவரின் கணிதக் குறிப்பேடுகளை அவரிடம் காட்டினார். அவ்விளைஞர் சீனிவாச இராமானுஜன். ஸீனியர் ராங்ளராகிய வாக்கர் அவற்றைப் பார்த்ததும், இது தம் சிறப்புத் துறை அன்று என்று அடக்கமாகக் கூறிக்கொண்டே, இதன் தரம் கேம்பிரிட்ஜ் கல்லூரியின் ஆய்வாளர் ஒருவரின் தரத்தை ஒத்தது என்றும், வயிற்றுக் கவலையின்றிச் சில ஆண்டுகள் கணிதத்திலேயே இவர் ஈடுபட வழிசெய்ய வேண்டும் என்றும் பிப்ரவரி 26-ந் தேதி சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதினார். மே மாதம் முதல் இராமானுஜனுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் அதற்குச் சில தினங்களுக்கு முன்னரே வந்திருந்ததும் உண்மையே. ஆயினும், பட்டமில்லாத ஒருவருக்குப் பணம் ஒதுக்க விதிகள் இடங்கொடாத ஒரு சபையை அசைப்பதற்கு, இந்நாட்டிலேயே இருந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் கடிதம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சர்வகலாசாலைகளின் போக்கை அறிந்தோர் அறிவர்.

நிற்க. மழைக் கணக்குக்கு மீள்வோம். தொடர்பெண்கள் மலைபோற் குவிந்தபின், அவற்றினூடே ஓர் ஒழுங்கு புலப்பட்டது. பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் உயர்ந்து நிற்குங் காலத்தில் ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள இந்திய சமுத்திரப் பகுதியில் அது தாழ்கின்றது. அங்கே தாழின் இங்கே உயர்கின்றது. பத்தாயிரம் மைல் அகலமுள்ள தராசு ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு பக்கமாகவும் மறு பக்கமாகவும் சாய்வது போலாம். தராசின் நம் பக்கத்துத் தட்டில் அழுத்தம் தாழும் ஆண்டுகளில் இந்தியாவில் மழை வளம். உயரும் ஆண்டுகளில் வறட்சி. இதற்குத் தென்பகுதி ஊசலாட்டம் என 1924-ல் வாக்கர் பெயரிட்டார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதனிற் சிறிய ஊசல்கள் இரண்டு உண்டென்றும் காட்டினார். ஒரு நாட்டின் மழையை அந்நாட்டு வானத்திலேயே தேடிக்கொண்டிருந்த காலம் அத்துடன் கழிந்தது. கோதையாற்றில் வரும் வெள்ளத்துக்கும் பெரு நாட்டுக் கடற்கரைக்கும் சம்பந்தம் உண்டென்று அதற்குமுன் யாரேனும் சொல்லியிருந்தால் நாம் நகைத்திருப்போம்.

அவ்வாண்டே அவர் ஓய்வு பெற்று, ஸர் பட்டமும் பெற்றுத் தாய்நாடு திரும்பினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை வானிலைப் பேராசிரியராயிருந்தார். டார்வின் துறைமுகத்து அழுத்தத்தில் ஒழுங்கான கால வட்டம் உண்டா என ஆராய்ந்து 1931-ல் அவர் எழுதிய கணிதம், யூல் என்பாரின் பெயரோடு சேர்ந்து யூல்-வாக்கர் சமன்பாடுகள் எனப் புள்ளியியல் மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகின்றது. புல்லாங்குழலின் அமைப்பைத் திருத்துவதிலும், பறவைகள் சிறகசையாமல் உயரே வட்டமிடுவதன் காரணத்தை ஆராய்வதிலும் எஞ்சிய பொழுது போயிற்று.

ஆனால் அவர் வந்த காரியம் என்னாயிற்று? உண்மையைக் கூறின், பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் அகப்படவில்லை. அவர் பொறுக்கிய தொடர்புகளுட் பல பிற்காலத்தில் மெலிந்தன. ஊசலாட்டத்திற்குக் காரணங் காட்டாமையால் அதனைப் பலர் ஐயுற்றனர். அவர் வழியில் இந்திய இலாகாவுக்குத் தலைமை தாங்கிய நார்மண்டு என்பார், நம் பருவமழை பிறநாட்டு வானிலையிலிருந்து அறியப்படுவதினும், பிற நாடுகளின் வருகால வானிலையை அறிவிப்பதிலேயே வல்லது என்ற பொருள்பட 1953-ல் எழுதினார். காரணம் சமுத்திரத்தில் இருந்தது. சமுத்திரத்தின் மேற்பரப்பு வெப்பத்தை வாக்கரின் காலத்தில் வேண்டுமளவு அளந்தார் இலர்.

அவ்வளவு கிடைத்த காலம் வியப்புக்குரியது. 1957-58-ல் உலக நாடுகள் ஒன்றுகூடிப் பூமியை அளந்த சர்வதேச ஆண்டில், கிழக்குப் பசிபிக் நீர் வழக்கத்திற்கு மாறாக வெம்மையுற்றது. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதனால் பெரு நாட்டுச் செம்படவர்கள் பாலகன் என்னும் பொருளில் எல் நினோ என்று பெயரிட்டிருந்த நிகழ்ச்சியே அது. அந்த 1958-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி வாக்கர் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். அவ்வளவுகளைக் கொண்டு, நார்வே நாட்டு மரபினரான ஜேக்கப் பியர்க்னிஸ், கடலின் வெம்மையும் காற்றின் ஊசலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என 1969-ல் நிறுவினார். வழக்கமாகக் கிழக்குக் காற்று வெந்நீரை ஆசியாவின் பக்கம் ஒதுக்குகின்றது. அங்கே காற்று மேலெழுந்து மேகமாகிறது. அக்காற்றுத் தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே சரிய, மேகமும் உடன் செல்கின்றது. பசிபிக்கின் மேல் இவ்வாறு சுழலும் காற்று வட்டத்திற்கு அவர் வாக்கர் சுழற்சி என்றே பெயர் சூட்டினார்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஏமாற்றம் ஒழியவில்லை. 2002-ல் இயல்பான மழை என இலாகா அறிவித்திருக்க, மழை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 1997-லோ எல் நினோ மிகக் கடுமையாயிருந்தும், தென்மேற்குப் பருவமழை நாடு முழுதும் இயல்பாகவே பெய்தது. இந்திய சமுத்திரத்திற்குள்ளேயே கிழக்கு மேற்காகச் சாயும் சிறு தராசு ஒன்று உண்டென்று சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகாட்டா ஆகியோர் 1999-ல் காட்டிய பின்னரே, 1997-ன் புதிருக்கு ஓரளவு விளக்கம் கிடைத்தது. நம் பக்கத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. எல் நினோ ஆண்டுகளில் இடவப்பாதி மழை குன்றினாலும், துலாமழை பெரும்பாலும் மிகுகின்றது. கன்னிப்பூவுக்குக் கேடான ஆண்டு கும்பப்பூவுக்கும் கேடாதல் வேண்டுவதில்லை. 1997-ல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மிகுதியாகவே பெய்தது.