தவளையின் கால் சொன்ன சேதி

(9-ஆம் வகுப்பு மாணவி)

போன வருஷம் எங்க சித்திக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. தூங்க வைக்க ஒரு மருந்து, தசையைத் தளர்த்த இன்னொரு மருந்து என்று மயக்க டாக்டர் எங்க தாத்தாவுக்கு விளக்கினாங்க. தூங்குறவங்களுக்கு ரெண்டாவது மருந்து எதுக்கு? அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். கிளாட் பெர்னார் பற்றிப் படிக்கச் சொன்னாங்க.

இவர் 1813 ஜூலை 12-ல் பிரான்சில் பிறந்தார். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்ட வேலை. இவர் லியோன் நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். ஆனால் ஆசையெல்லாம் நாடகம் எழுதுவதில்தான்! எழுதிய நாடகத்தைத் தூக்கிக்கிட்டு பாரிஸ் போனார். அங்கே ஒரு விமர்சகர் பிழைப்புக்கு மருத்துவம் படிக்கச் சொல்லிவிட்டார். நல்லவேளை!

தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு நுனியில் தடவும் விஷம் குராரே. அம்பு பட்ட மிருகம் துடிக்காமல் சாயும். பார்த்தால் வலியில்லாத சாவு மாதிரி இருக்கும். பெர்னார் அதைச் சோதித்தார்.

ஒரு தவளையின் இடுப்பை, நரம்புகளை மட்டும் விட்டுவிட்டு இறுக்கிக் கட்டினார். பின்னங்காலுக்கு ரத்தம் போகாது, அதனால் விஷமும் போகாது. பிறகு முன்பக்கம் குராரே ஏற்றினார். முன்பக்கம் செத்தது மாதிரி கிடந்தது. அந்த முன்பக்கத் தோலைக் கிள்ளியதும் பின்னங்கால் உதறியது! அப்படின்னா உணர்ச்சி சாகவில்லை, காட்டிக்கத்தான் முடியலை. படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

விஷம் ஏறிய தசைக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் அது சுருங்கியது. ஆக, தசை கெடவில்லை. நரம்பின் கட்டளைதான் தசைக்குப் போய்ச் சேரவில்லை. மூச்சு விடவும் தசை வேண்டுமே, அதனால்தான் உயிர் போகிறது.

பிராணிகளை அறுப்பது அவர் மனைவிக்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் பிரிந்தே போனார்கள். மகள்களும் அம்மா பக்கம். நான் யார் பக்கம் என்று ரெண்டு நாள் யோசிச்சும் சொல்லத் தெரியலை. 1878 பிப்ரவரி 10-ல் அவர் இறந்தார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

1942 ஜனவரி 23-ல் கனடாவின் மொன்றியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித் என்ற மயக்க டாக்டர், குடல்வால் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த ஒருவருக்குக் குராரே மருந்தும் ஏற்றினார். வயிற்றுத் தசை இளகியது, ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. இன்று குராரேக்குப் பதில் வேறு மருந்துகள் வந்துவிட்டன. முறை மட்டும் அதேதான்: முதலில் தூக்கம், அப்புறம்தான் தளர்வு, மூச்சைக் கருவி பார்த்துக்கொள்ளும்.

இதைப் படிச்ச அன்றைக்கே சித்தியிடம் ஓடிப்போய், ஆபரேஷன் நடுவில் ஏதாவது தெரிஞ்சுதா என்று கேட்டேன். கையில் ஊசி குத்தினது வரைக்கும்தான் ஞாபகமாம்.