ஹைன்ரிஹ் ஸிம்மரும் திருவண்ணாமலையும்

1944ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த வேளையில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்து ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளிவந்தது. ‘தன்னை அறியும் பாதை’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். துணைத் தலைப்பில் ரமண மகரிஷியின் பெயரும், அதைத் தொடர்ந்து திருவண்ணாமலை என்னும் ஊர்ப்பெயரும் அச்சாகியிருந்தன. அந்நூலை ஆக்கிய ஹைன்ரிஹ் ஸிம்மர் அதைக் கண்ணால் காணவில்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். அண்ணாமலையையும் அவர் கண்டதில்லை. இந்திய மண்ணில் ஒருமுறையேனும் கால்பதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை.

ஸிம்மர் 1890 டிசம்பர் 6ஆம் நாள் வடஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஹைன்ரிஹ் ஸிம்மரே. வேதகால வாழ்வைப் பற்றி நூல் எழுதியவர். பின்னர் கெல்திய மொழிகளில் பெரும் புலமை பெற்றவர். மகன் பெர்லினில் வடமொழி கற்றார். முதல் உலகப் போர் வந்து கல்வியைக் குலைத்தது. போர்க்களத்திலிருந்து மீண்டபின் தாம் கற்ற இலக்கணமும் சுவடி ஒப்பீடும் மட்டும் அவருக்குப் போதவில்லை. சொற்களைப் பகுத்துப் பார்க்கும் புலமை, அச்சொற்களை வழிபட்டு வாழ்ந்த மக்களின் உள்ளத்தைத் தொடவில்லையே என்னும் தவிப்பு அவரைப் பற்றிக்கொண்டது. பிற்காலத்தில் அவர் எழுதியவை யாவற்றிலும் அந்தத் தவிப்பு இருக்கிறது.

1920களில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆர்தர் அவலான் என்னும் பெயரில் வெளிவந்த தாந்திரிக நூல்கள் அவருக்குப் புதிய கண் அளித்தன. 1926இல் வெளியான ‘இந்திய வழிபாட்டுப் படிமத்தில் கலைவடிவும் யோகமும்’ என்னும் பொருள்கொண்ட நூலில், நம் கோயில் திருவுருவங்களைக் கிரேக்கச் சிற்பத்தின் அளவுகோலால் அளக்கக் கூடாது, அவை தியானத்தின் கருவிகள் என்று நிறுவினார். பௌத்தக் கதைகளையும் யானை நூலான மாதங்கலீலையையும் ஜெர்மனாக்கினார். 1936இல் ‘மாயா’ வந்தது. புராணக் கதைகளை அடிக்குறிப்புகளின் சுமையின்றிக் கதைசொல்லியின் குரலில் சொல்லும் துணிவு அக்காலப் பேராசிரியர்களிடம் அரிது. சக அறிஞர் சிலர் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

கவிஞர் ஹ்யூகோ ஃபான் ஹோஃப்மன்ஸ்தாலின் மகள் கிறிஸ்டியானவை 1928இல் மணந்தார். அந்தக் குடும்பத்தின் யூத வம்சாவளியைக் காரணம் காட்டி நாஜி அரசு 1938இல் அவரது பேராசிரியர் பதவியைப் பறித்தது.

அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அவருடைய நண்பரும் உளவியல் அறிஞருமான கார்ல் யுங் இந்தியப் பயணம் முடித்துத் திரும்பினார். ஸிம்மர் கேட்ட முதல் கேள்வியே திருவண்ணாமலை மகரிஷியைப் பற்றியது. கல்கத்தா முதல் திருவனந்தபுரம் வரை சென்ற யுங், அங்குப் போகவில்லை என்றார். ஸிம்மரால் அதைப் பொறுக்க முடியவில்லை. பிற்பாடு யுங் இதைத் தாமே எழுதி, தாம் போகாததற்கு ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டார்: மகரிஷியின் சீடர் ஒருவரை, பெரிய குடும்பத்தைக் காப்பாற்றும் எளிய பள்ளி ஆசிரியரைத் திருவனந்தபுரத்தில் கண்டதே தமக்குப் போதும் என்பது அவர் வாதம். வாதம் அழகானதுதான். ஆயினும் போக முடிந்தும் போகாதவர் ஒருவர். போகத் துடித்தும் போக முடியாதவர் மற்றவர்.

1939இல் ஸிம்மர் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் சிறிது காலம் உரையாற்றினார். 1940இல் அமெரிக்கா சேர்ந்தார். ஐம்பது வயதில் வேற்றுமொழியில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகளில் சோழர் கால நடராசர் உண்டு. அடியும் முடியும் தேடி அயனும் மாலும் தோற்ற லிங்கோத்பவக் கதையும் உண்டு. அண்ணாமலையின் தலபுராணம் அதுவேயன்றோ! கார்த்திகைத் தீபத்தின் கதையை அவர் நியூயார்க்கில், ஒரு சிற்பத்தைக் கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். 1943 மார்ச் 20ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் காலமானார். வயது 52.

அவர் விட்டுச்சென்ற ரமணர் நூலை யுங் பதிப்பித்து முன்னுரையும் எழுதினார். அதிலுள்ள 167 பக்க மொழிபெயர்ப்பு, ரமணாச்ரமம் வெளியிட்ட ஆங்கில நூல்களிலிருந்து செய்யப்பட்டது. தமிழில் பேசிய ஒருவரின் சொல் ஆங்கிலம் புகுந்து ஜெர்மனுக்குச் சென்றது. இதைக் குறையெனச் சொல்வோர் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘நான்’, ‘தான்’ என்னும் இரு சொற்களுக்கிடையே தமிழில் இயல்பாக நிகழும் விளையாட்டு, இருமுறை மொழி மாறியபின் எவ்வளவு எஞ்சும் என்பது மொழிபெயர்ப்பாளர் யாவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆனால் மூலமொழி அறிந்த ஜெர்மானியர் எவரும் அப்பணிக்கு முன்வரும்வரை காத்திருந்தால், போரின் இருளில் அந்நூல் எவர் கைக்கும் எட்டியிராது.

ஸிம்மர் நாவல் எழுதவில்லை. எனினும் ஒரு நாவல் அவரால் பிறந்தது. தலை மாறிய வேதாளக் கதையை அவரது கட்டுரையொன்றில் படித்த தாமஸ் மான், 1940இல் அதைக் குறுநாவலாக்கினார். அமெரிக்கப் பதிப்பை நன்றியுடன் திருப்பித் தருவதாகச் சொல்லி ஸிம்மருக்கே காணிக்கையாக்கினார். அக்குறுநாவலைக் கொண்டுதான் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் ‘ஹயவதன’ நாடகத்தை எழுதினார். விக்கிரமாதித்தன் தோளிலிருந்து புறப்பட்ட வேதாளம் ஜெர்மனியைச் சுற்றிவிட்டுக் கர்நாடகத்தில் இறங்கியது!

மற்றக் கையெழுத்துப்படிகளும் உரைக்குறிப்புகளும் கிறிஸ்டியானவின் வேண்டுகோளின்படி இளைஞர் ஜோசஃப் கேம்பெல்லிடம் வந்தன. அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 1946, 1948, 1951, 1955 ஆகிய ஆண்டுகளில் அவற்றைப் பெருநூல்களாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். லிங்கோத்பவர் பற்றிய உரை முதல் நூலில் இருக்கிறது. அது அச்சேறியபோது மகரிஷி திருவண்ணாமலையில், மலையடிவாரத்து ஆசிரமத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்.