ஜெனரல் பால்மரும் டுராங்கோ நகரமும்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்றிசையில் இருப்புப்பாதையால் நகரங்களை எழுப்பினவர் வில்லியம் ஜாக்ஸன் பால்மர். இவர் 1836-ல் குவேக்கர் குடும்பத்திற் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடவர் படையில் ஜெனரல் பதவியடைந்தார். 1870-ல் டென்வர்-ரியோ கிராண்ட் இருப்புப்பாதைக் கம்பெனியை ஸ்தாபித்தார்.

வெள்ளிச் சுரங்கங்களை நாடி அப்பாதை கொலராடோவின் தென்மேற்கே சென்றபோது, அனிமாஸ் ஸிட்டி என்னும் சிற்றூரார் கம்பெனியின் நிபந்தனைகளுக்கு இணங்கவில்லை. ஆகவே 1880-ல் அதற்குத் தெற்கே இரண்டு மைலில் கம்பெனி டுராங்கோவை அமைத்தது. 1881-ல் புகைவண்டி அங்கே வந்தது. மறு ஆண்டில் மலைமேலுள்ள சில்வர்டனை எட்டிற்று. தாது இறங்கிற்று, உருக்காலை புகைந்தது, வணிகர் குடியேறினர். பழைய ஊரோ பொலிவிழந்து, இறுதியில் புதிய நகரோடு ஒன்றாயிற்று.

1906-ல் குதிரையினின்று வீழ்ந்து முடங்கிய பால்மர், 1909-ல் காலஞ்சென்றார். நகரை ஆக்கினவர் புகழை நினைக்குங்கால், பாதை விலகிய ஊரையும் நினைத்தல் நன்று.