எண்ணிப் பார்த்த பெண்மணி

பெண்களுக்கு இது வராது, அது முடியாது என்று பிறர் சொல்லக் கேட்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சிலர் கண்ணீர் வடிக்கிறோம். சிலர் சினம் கொள்கிறோம். பலர் உண்மைதான் போலும் என்று அடங்கிவிடுகிறோம். சொல்லப்பட்டது மெய்தானா என்று அளந்து பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. அப்படி அளந்து பார்ப்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டு, மருத்துவ உளவியல் என்னும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராய் உயர்ந்த அம்மையார் லீட்டா ஹாலிங்வொர்த். அவருடைய வாழ்வை இங்கே சற்று நோக்குவோம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சாட்ரன் என்னும் ஊருக்கு அருகே, 1886ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் லீட்டா பிறந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாய்க் கிடந்த அச்சீமையில் குடியேறிய உழவர்கள், மண்ணைக் குடைந்து வீடு அமைத்து வாழ்ந்த காலம் அது. அத்தகைய வீடொன்றில்தான் லீட்டாவும் பிறந்தார். குழந்தையின் முதலாண்டு வளர்ச்சியைத் தாய் ஒரு சிறு ஏட்டில் அன்போடு எழுதி வைத்தார். ஆனால் 1890இல் மூன்றாவது பெண் குழந்தையை ஈன்றபோது அத்தாய் மறைந்தார். தாயற்ற பிள்ளைகளைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தனர். பின்னர் தந்தையின் இல்லத்தில், மாற்றாந்தாயின் கடுமையின் கீழ் சில ஆண்டுகள் கழிந்தன. அந்நாளில் லீட்டாவுக்கு ஆறுதலாய் இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றே. பதினாறு வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்து நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1906இல் பட்டமும் ஆசிரியத் தகுதியும் பெற்று, சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியப் பணி ஆற்றினார்.

1908ஆம் ஆண்டின் கடைசி நாளில், நியூயார்க் நகரில், தம்முடன் பயின்ற ஹாரி ஹாலிங்வொர்த்தை லீட்டா மணந்தார். கணவர் அங்கே உளவியல் ஆசிரியர். தாமும் ஒரு பள்ளியில் சேர்ந்து பணியாற்றலாம் என்று லீட்டா எண்ணியிருந்தார். ஆனால் திருமணமான பெண்களை ஆசிரியராக அமர்த்துவதில்லை என்பது அந்நகரின் அன்றைய விதி. மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டும் கிடைக்கவில்லை. பட்டமும் அனுபவமும் கையில் இருக்க, சமையலும் தையலும் துணி துவைத்தலுமாக நாட்கள் நகர்ந்தன. கதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அவையும் திரும்பி வந்தன. தாம் எதற்கும் பயன்படாமல் போய்விட்டோமோ என்ற ஏக்கம் அவரை வாட்டியது.

அந்த இருளில் எதிர்பாராத ஒரு வழி திறந்தது. கோக்கோ கோலா பானத்தில் கலந்துள்ள காஃபீன் உடலுக்குத் தீங்கு செய்கிறது என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு 1911இல் விசாரணைக்கு வந்தது. காஃபீன் மனிதரின் அறிவுத் திறனையும் கைத்திறனையும் எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராயும் பொறுப்பை அந்நிறுவனம் ஹாரியிடம் ஒப்படைத்தது. நாள்தோறும் நடந்த சோதனைகளில் லீட்டா துணை நின்றார். அதில் கிடைத்த ஊதியமே அவருடைய மேற்படிப்புக்குக் கைகொடுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், புகழ்பெற்ற எட்வர்ட் தார்ண்டைக்கின் கீழ் பயின்று, 1913இல் முதுகலைப் பட்டமும் 1916இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

படிக்கும்போதே, மனவளர்ச்சி குன்றியோரைச் சோதித்துப் பிரிக்கும் நகர நிலையம் ஒன்றில் 1913இல் பணி கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் பினே வகுத்த நுண்ணறிவுச் சோதனையைக் கொடுத்து, அறிக்கை எழுதுவதே வேலை. மறு ஆண்டே அப்பணி அரசுத் தேர்வுக்கு உட்பட்டது. அத்தேர்வில் லீட்டா முதலிடம் பெற்றார். நியூயார்க் நகர அரசுப் பணியில் அமர்ந்த முதல் உளவியலார் என்ற பெருமையும் அடைந்தார்.

நிலையத்திற்கு அழைத்து வரப்பட்டோரில் ஆண்களே மிகுதி. ஆகவே ஆண்களிடையே அறிவு மிகக் குறைந்தோரும் மிகுதி, மேதைகளும் மிகுதி. பெண்களோ பெரும்பாலும் நடுத்தரமே என்பது அக்கால அறிஞர் பலரின் கொள்கை. அம்மையாரின் ஆசிரியரான தார்ண்டைக்கும் அவர்களுள் ஒருவர். நடுத்தரமான பெண்ணுக்கு உயர்கல்வியும் உயர்பதவியும் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே அதைத் தொடர்ந்தது.

லீட்டா தம் முன்னிருந்த பதிவேடுகளையே எண்ணிப் பார்த்தார். ஆண்கள் சிறு வயதிலேயே அழைத்து வரப்பட்டனர். பெண்கள் வயது முதிர்ந்த பின்னரே வந்தனர். காரணம் என்ன? அறிவு குன்றிய சிறுவன் வெளியே சென்று பொருளீட்ட இயலாமல் விரைவில் அகப்பட்டுக்கொள்கிறான். அதே நிலையிலுள்ள சிறுமியோ பாத்திரம் துலக்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே காலம் கழித்துவிடுகிறாள்; அவள் குறையை எவரும் கவனிப்பதில்லை. குறைந்த அறிவை மறைக்கும் அதே வீட்டு வேலை, மிகுந்த அறிவையும் மறைத்துவிடும் அல்லவா? பெண்களில் மேதைகள் அரிதாய்த் தோன்றுவதற்கு இதையே அவர் காரணமாகக் காட்டினார்.

இத்துடன் அவர் நிற்கவில்லை. 1914இல் ஹெலன் மாண்டேகு என்பவருடன் சேர்ந்து, மருத்துவமனையில் பிறந்த 1000 ஆண் குழந்தைகள், 1000 பெண் குழந்தைகள் ஆகியோரின் எடை, நீள அளவுகளை ஒப்பிட்டார். ஆண்களிடையே வேறுபாடு மிகுதி என்ற கொள்கைக்கு அங்கே சான்று எதுவும் கிடைக்கவில்லை.

மாதவிடாய் நாட்களில் பெண்ணின் அறிவும் செயல்திறனும் தளர்ந்துவிடும், ஆகவே பொறுப்பான பணிகளுக்கு அவள் தகுதியற்றவள் என்பது மற்றொரு பரவலான நம்பிக்கை. மருத்துவர்களே அப்படி எழுதினார்கள். இதையே தம் டாக்டர் பட்ட ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார் அம்மையார். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களைப் பல நாட்கள் தொடர்ந்து சோதித்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆடவர் இருவரையும் சோதித்தார். அந்நாட்களில் திறன் குறைவதாக எந்த அடையாளமும் தென்படவில்லை. அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? அதே தார்ண்டைக்தான். மாணவியின் முடிவு தம் கருத்துக்கு இசைந்ததா என்று பாராமல் உழைப்பை மதித்த அப்பேராசிரியரின் பெருந்தன்மையையும் நாம் பாராட்ட வேண்டும்.

1916இல் இரண்டு அழைப்புகள் வந்தன. புகழ்பெற்ற பெல்வியூ மருத்துவமனையின் உளவியல் ஆய்வகத் தலைமைப் பதவி ஒன்று. ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளர் பணி மற்றொன்று. அம்மையார் கல்லூரியைத் தேர்ந்துகொண்டார். தாம் ஒருவராய்ச் சோதிக்கக்கூடிய குழந்தைகள் சிலரே. தம்மிடம் பயின்று செல்வோர் பலரைச் சோதிப்பார்கள். தலைமை என்பது நாற்காலியில் மட்டும் இல்லை என்பதை இதனால் அறிகிறோம்.

அக்காலத்தில் சில வாரப் பயிற்சி பெற்றவர்களும் நுண்ணறிவுச் சோதனை நடத்தினார்கள். ஒரு குழந்தையின் வாழ்வையே தீர்மானிக்கும் அறிக்கையில் தகுதியற்றோர் கையெழுத்திடலாமா என்று அம்மையார் கவலைப்பட்டார். 1917இல் அமெரிக்க மருத்துவ உளவியலார் சங்கம் உருவாக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், இத்தொழிலுக்கு வருவோர் நெடிய கல்லூரிப் படிப்புடன் நேரடிச் செயற்பயிற்சியும் பெற வேண்டும், அதற்கெனத் தனிப் பட்டம் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் காலத்தில் அது நிறைவேறவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அத்தகைய பட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது.

மனவளர்ச்சி குன்றியோர் என்று அனுப்பப்பட்ட இளைஞரில் பலர் உண்மையில் அறிவுக் குறையுள்ளவர் அல்லர், குமரப்பருவத்தின் மனக்குழப்பத்தில் சிக்கியவர்களே என்றும் அவர் கண்டார். அப்பருவத்தைப் பற்றி அவர் 1928இல் எழுதிய நூல் நெடுங்காலம் பாடநூலாக விளங்கியது. 1929இல் முழுப் பேராசிரியரானார்.

மீத்திறன் பெற்ற குழந்தைகளின் மீதும் அவர் அக்கறை திரும்பியது. கெட்டிக்காரக் குழந்தைக்கு யார் துணையும் தேவையில்லை என்று பிறர் நினைத்தபோது, பாடத்தை விரைவில் முடித்துவிட்டுத் தோழரின்றித் தனித்திருக்கும் அக்குழந்தையின் ஏக்கத்தை அவர் உணர்ந்தார். 1936இல் தொடங்கிய ஸ்பேயர் பள்ளியில் மெல்லக் கற்போருக்கும் விரைந்து கற்போருக்கும் தனித்தனி வகுப்புகள் அமைத்தார். உணவு, உடை, உறைவிடம் போன்ற அன்றாடப் பொருள்கள் வளர்ந்த வரலாற்றை விரைந்து கற்போர் தாமே தேடிக் கற்றனர்.

அம்மையாரின் கருத்துகள் யாவும் காலத்தை வென்று நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அறிவு பெரும்பாலும் பிறப்பால் வருவது என்று அவர் அளவுக்கு மீறி நம்பினார். வறுமையும் வாய்ப்பின்மையும் குழந்தையின் மதிப்பெண்ணைக் குறைக்கும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பெண்கள் விஷயத்தில் சூழ்நிலையின் ஆற்றலைத் தெளிவாகக் கண்ட அவர், மற்றவர் விஷயத்தில் அதே அளவுக்குக் காணவில்லை. பெரியோரையும் அளந்து பார்க்கவேண்டும் என்ற பாடத்தை அவரிடமே நாம் கற்கிறோம்.

1939ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், 53ஆம் வயதில், புற்றுநோயால் அம்மையார் காலமானார். முற்றுப்பெறாதிருந்த அவருடைய கடைசி நூலைக் கணவர் நிறைவு செய்து 1942இல் வெளியிட்டார்.

மருத்துவ உளவியலில் உயர்பதவிகள் இன்று பெண்களுக்கும் திறந்திருக்கின்றன. நம் மாணவிகளுள் சிலரும் நாளை அங்கே அமரலாம். அன்று உங்கள் மேசைக்கு ஒரு குழந்தையின் பதிவேடு வரும். அதன் மேலே யாரோ எழுதி வைத்த முடிவை அப்படியே நம்பிவிடாமல், ஒருமுறை எண்ணிப் பாருங்கள். லீட்டா அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.